இருபத்தெட்டு நாள் வேண்டாம்

மூன்று மாதமாக வீட்டில் இல்லாத என் வீட்டுக்காரருக்கு,

அன்பான வணக்கம். இங்கே எல்லாரும் நலம். நீங்கள் முகம் சுளிக்காமல் உடற்பயிற்சி செய்வதாக நர்ஸம்மா போனில் சொன்னார்கள். மகிழ்ச்சி.

உங்கள் கடிதம் கிடைத்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் போட வேண்டும், போட்டாலும் கான்கிரீட் முழு வலுவடைய இருபத்தெட்டு நாள் ஆகும், அதுவரை ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிமெண்ட் ஆலைச் சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாகக் கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பலம் பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கா இந்தக் கணக்கு? கொல்லன் தெருவில் ஊசி விற்காதீர்கள்.

சாய்தளம் செவ்வாய்க்கிழமையே போட்டாயிற்று. சீக்கிரம் வலுவேறும் சிமெண்ட் என்று எங்கள் ஆலையில் ஒன்று உண்டு. மந்திரம் ஒன்றுமில்லை. சாதாரண சிமெண்டைவிட நைசாக அரைப்போம். கட்டிச் சர்க்கரையைவிடப் பொடிச் சர்க்கரை சட்டென்று கரைகிறதல்லவா? அதுபோலத் தூள் நைசாக ஆக, தண்ணீர் எல்லாப் பக்கமும் தொட்டு வேலை வேகமாக நடக்கும். முதல் சில நாளிலேயே பலம் கொடுக்கிற சரக்கும் அதில் சற்றுக் கூடுதல்.

கொத்தனாரிடம் இதைச் சொன்னதுதான் தப்பு. "ஐயோ, சட்டியிலேயே கல்லாயிடும்மா!" என்று டீகூடக் குடிக்காமல் அரக்கப்பரக்க வேலையை முடித்தார். அரை மணி நேரம் கழித்து, "இப்போ பாருங்க, பாறை!" என்று ஏறி நின்றார். கால் கணுக்கால்வரை உள்ளே போய்விட்டது. செருப்பை இரண்டு பேர் சேர்ந்து பிடுங்கினோம். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று! இறுகத் தொடங்க இதுவும் மற்றதைப் போலத்தான் நேரம் எடுக்கும், இறுகிய பிறகு பலம் ஏறுவதில்தான் அவசரம் என்று விளக்கி, மறுபடி பூச வைத்தேன். சூடும் கொஞ்சம் அதிகம் கக்கும் என்பதால் ஈரத்துணி போட்டு, வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றினேன்.

இன்று வெள்ளி. அதே கலவையில் வார்த்த கட்டியை ஆலையில் நசுக்கிப் பார்த்தேன். சாதாரண சிமெண்ட் ஏழு நாளில் தாங்குவதை மூன்றே நாளில் தாங்கிவிட்டது. அதுவும் போதாதென்று, நூற்றுப் பத்துக் கிலோ உங்கள் மச்சானைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கொத்தனாரைத் தள்ளச் சொன்னேன். நாற்காலிதான் முனகியது, சாய்தளம் மூச்சுவிடவில்லை.

இன்னொன்று. நீங்கள் எழுதி அடித்திருந்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். 'உனக்குப் பாரமாக' என்று தொடங்கியது. எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்ப்பது என் உத்தியோகம், அதை என்னிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் இல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

எப்போது வேண்டுமானாலும் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காருடன் வருகிறேன். முகம் மழித்துத் தயாராக இருங்கள். சரிவை மிதமாகத்தான் வைத்திருக்கிறேன். யார் கையும் படாமல் நீங்களே உருட்டிக்கொண்டு ஏறலாம். எப்போதும் அப்படியே ஏறுங்கள். முதல் தடவை மட்டும் என்னைத் தள்ள விடுங்கள்.

புதன்கிழமையை எண்ணிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி