கிருஷ்ணாயில் சுத்தமா, கலவையா?

சட்டையில் இன்னும் கிருஷ்ணாயில் வாடை அடிக்கிறது. சுடுகாட்டில் நேற்று விறகு ஈரமாக இருந்தது. அங்கே வேலை செய்பவர் டின்னை என் கையில் கொடுத்து, கொஞ்சம் ஊற்றுங்கள் சார் என்றார். உன்மேல் ஊற்ற ஊரில் வேறு ஆளே இல்லையா? ஊற்றினேன். டின் சரிந்து என்மேலும் சிந்தியது. சட்டையைக் கழற்றச் சொல்லிச் சொல்லி வீட்டில் அலுத்துவிட்டார்கள்.

மண்ணெண்ணெயை நம் பக்கத்தில் யார் மண்ணெண்ணெய் என்றார்கள்? ரேஷன் கடையிலும் கிருஷ்ணாயில்தான், பாடப் புத்தகத்துக்கு வெளியே எங்கும் கிருஷ்ணாயில்தான். நம் சண்டை அந்தப் பெயரில்தான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா?

எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் சயின்ஸ் வாத்தியார் போர்டில் மூன்று சொற்களை எழுதினார்: தனிமம், சேர்மம், கலவை. முதல் இரண்டும் தூய பொருள், மூன்றாவது தூய்மையில்லாதது. நான் ராயபுரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன், மனப்பாடம் செய்துகொண்டேன். நீ திருவொற்றியூர்க் குப்பத்துக்காரன், யோசித்தாய். அதுதான் வினை. தூய்மை என்றால் உனக்குச் சுத்தம், மற்றதெல்லாம் கலீஜ். ஹார்பரில் கந்தகம் இறக்கிவிட்டு உன் சித்தப்பா கண்ணெரிச்சலோடு வருவாராம், அதனால் கந்தகம் கலீஜ். கடல் உங்களுக்குத் தாய், அதனால் கடல்நீர் சுத்தம். வகுப்பே சிரித்தது. உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றினார்கள். நானும் சிரித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று சாயங்காலமே கடலோரப் பாறைமேல் உட்கார்ந்து உனக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அழுக்கா இல்லையா என்பது கேள்வியே இல்லை, உள்ளே இருப்பது ஒன்றா பலவா என்பதுதான் கேள்வி என்றேன். அது நமக்குள் ஒரு விளையாட்டாகிவிட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் காட்டி 'சுத்தமா, கலவையா?' என்று கேட்பாய். காற்று? கலவை. கந்தகம்? சுத்தம். என் அம்மா கழுத்துச் செயின்? செம்பு சேர்ந்திருக்கிறது, கலவை. எங்கள் மாதாகோயில் தீர்த்தம் என்றாய் ஒருநாள். உப்பு போட்டு மந்திரிப்பார்கள், கலவைதான் என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. எவ்வளவு சிரித்தாய்!

ஒன்றில் மட்டும் நீ மசியவில்லை. "கிருஷ்ணாயிலு சாமி பேரு வச்சிகினு கீது. அது எப்டி நைனா கலவையாவும்?" என்றாய். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயைக் காய்ச்சிப் பிரிப்பதை, அப்படிப் பிரித்த பிறகும் அதற்குள் பல பொருள்கள் இருப்பதை விளக்கி வாய் வலித்தது. கடைசியில், "வுடு, பரீட்சைக்கோசரம் கலவைன்னு எழுதறேன். மனசுல சுத்தந்தான்" என்றாய். பரீட்சையிலும் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டாய்.

பிறகு எண்ணூர் ரோட்டில் அந்தக் கம்பெனியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. எனக்கு லேபில், உனக்கு டிரம் அடுக்கும் யார்டில். மெஷின் சாமான்களைக் கிருஷ்ணாயிலில் கழுவுவது உன் வேலை. அன்றும் புது டிரம்மிலிருந்து ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாய். தூரத்தில் வெல்டிங் நடந்தது. வெறும் கிருஷ்ணாயிலாக இருந்தால் அவ்வளவு தூரத்துப் பொறிக்குப் பிடித்திருக்காது. பிடித்தது. உன் இரண்டு கையும் பாதி முகமும் வெந்துபோயின.

டிரம்மில் மிஞ்சியதை நான்தான் லேபில் காய்ச்சிப் பார்த்தேன். மண்ணெண்ணெய் கொதிப்பதற்கு வெகுமுன்பே ஒரு பங்கு ஆவியாகி இறங்கியது. நாப்தா. பெட்ரோல்போல் குப்பென்று பற்றுவது. நாப்தா வந்த டிரம்மை வடிக்காமலே அதன்மேல் கிருஷ்ணாயிலை நிரப்பியிருந்தார்கள். தப்பு முழுக்கக் கம்பெனியுடையது. எங்கள் ஆபீசர் என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு மடித்து டிராயரில் வைத்தார். வேறு எழுதச் சொன்னார். என்னை நிரந்தரமாக்கும் காகிதமும் அதே மேஜைமேல் இருந்தது. டிரம்மில் இருந்தது தூய மண்ணெண்ணெய், வேறு பொருள் இல்லை என்று எழுதினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? டிரம்மில் நாப்தா இல்லையென்றால், சீக்கிரம் அழுக்குப் போக நீதான் எதையோ ஊற்றிக் கலந்தாய் என்று அர்த்தம்.

தூய மண்ணெண்ணெய்! அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. பள்ளிக்கூடப் பையன் சொல்வான். என்கொயரியில் கோட்டு போட்ட நாலு பேர் அந்தத் தாளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. கெமிஸ்ட்ரியில் பெயிலான உனக்குத்தான் உறைத்தது. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"கிருஷ்ணாயிலு சுத்தமா, கலவையா நைனா?"

"சுத்தம்" என்றேன்.

"அப்ப நான் அன்னிக்கு சொன்னதுதான் கரீட்டு" என்றாய். உன்னை வேலையைவிட்டு அனுப்பினார்கள். என்னை நிரந்தரமாக்கினார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. ஏன் கத்தவில்லை? காசிமேட்டில் எதிரே பார்க்கும்போதெல்லாம் விரல் ஒட்டிப்போன அந்தக் கையைத் தூக்கி, சாப்பிட்டியா நைனா என்றுதான் கேட்டாய். சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருந்தால் நானும் அழுதுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தச் சௌகரியத்தை நீ எனக்குக் கடைசிவரை தரவில்லை. உன் பெண்சாதி மீன்கூடை சுமந்து குடும்பத்தைக் காப்பாற்றினாள். 'அவசரத்துல கலந்து கையச் சுட்டுக்கினவன்' என்றுதான் குப்பம் உன்னைப் பேசியது.

நேற்று எல்லாம் முடிந்து உன் வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது அவள் என்னிடம் வந்தாள். "அண்ணே, நீங்க படிச்சவரு. அந்த டிரம்முல இன்னாதான் இருந்துச்சி?"

"கலவைதாம்மா. நிரப்பும்போதே கலந்திருந்தது. அவன் எதையும் கலக்கல."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"இத அன்னிக்கே கம்பெனில சொல்லிருக்கலாமேண்ணே" என்றாள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

டீயைப் பார்த்தால் கலவை, சர்க்கரையைப் பார்த்தால் சுத்தம் என்று இன்றும் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பது உன் குரல்தான். எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்கிறேன். ஒரே ஒருமுறைதான் தப்பாகச் சொன்னேன்.

கிருஷ்ணாயில் கலவைதான்டா.