கிளிக்குள் இருந்த உயிரும் வள்ளியாத்தாளின் புதுநன்மையும்

சேசு மரி சூசை

சூரமங்கலம்
29.3.1982

அன்புள்ள மகன் சின்னப்பனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பிலோமினா அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் கொஞ்ச நாளாக நிலையில்லை. பிலாயில் இப்போதே வெயில் ஏறியிருக்கும், நீ சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். முதலில் உறுதியான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டே என்னிடம் நேரில் சொன்னது இது. வெண்ணந்தூர்ப் பக்கத்துக் கிளைக்கோயிலில் ஞானோபதேச வகுப்பு எடுப்பதிலிருந்து அக்காவை நிறுத்தியிருப்பது உண்மை, ஆனால் அது முடிவான உத்தரவு இல்லை. வள்ளியாத்தாள் என்ற பெண்ணுக்கு இந்த வருஷம் புதுநன்மை கொடுத்து மற்றப் பிள்ளைகளோடு முதல் அப்பம் வாங்க விடுவதா வேண்டாமா என்பதும் முடிவாகவில்லை. இதற்கு மாறாக யாராவது உனக்கு எழுதியிருந்தால் நம்ப வேண்டாம். மாதா சபை ராஜம்மாள் தன் மகனுக்கு எழுதி அவன் உன்னிடம் சொல்லியிருக்கலாம், அந்த அம்மாள் சொல்வதில் பாதிக்கு மேல் ஊகம்.

அக்கா உனக்கு எழுதியதும் முழுசாக இல்லை என்று உன் பதிலிலிருந்து தெரிகிறது, ஆகவே நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா ராசிபுரம் வழியாகப் பஸ் மாறிப் போய் அங்கே தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்து வந்தது உனக்குத் தெரியும். தபசு கால நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்று ஒரே கூச்சல் போட்டிருக்கிறார்கள், அக்கா அவர்களை அடக்க ஒரு மாயாஜாலக் கதையை எடுத்துவிட்டிருக்கிறாள், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு குகை, குகைக்குள் கூண்டு, கூண்டில் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் மந்திரவாதியின் உயிர், வெளியே அவனை எத்தனை தடவை வெட்டினாலும் சாகமாட்டான், நாமெல்லாம் கேட்டு வளர்ந்த கதைதான். பாதியில் பஸ் வந்துவிட்டது, மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஏறிவிட்டாள். அடுத்த வாரம் போனால் பங்குச் சாமியார் அங்கே இருந்தார், புதுநன்மைப் பரீட்சையை முன்னதாகவே வைத்துவிட்டார். பரீட்சையில் வள்ளியாத்தாளின் முறை வந்தது. நெசவு செய்யும் காளியப்பனின் மகள், ஞானஸ்நானப் பெயர் செசீலியா, ஆனால் அப்படி யாரும் கூப்பிடுவதில்லை. பீடத்தில் அப்பம் வைத்திருக்கும் பேழைக்குள் யார் இருக்கிறார் என்று சாமியார் கேட்டதற்கு ஆண்டவர் என்று சரியாகச் சொல்லியிருக்கிறது. சிலுவையில் அறைந்தும் எப்படி உயிர்த்தார் என்று அடுத்து கேட்டிருக்கிறார். அந்தப் பிள்ளை தயங்காமல் சொன்னதை அங்கிருந்த மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டேன், மூவரும் ஒன்றாகவே சொன்னார்கள். "உசுரை முந்தின நாளே அப்பத்துக்குள்ள வெச்சுட்டாருங்க சாமி. வெளிய ஆணியடிச்சவங்களுக்கு அது தெரியாதுங்க. மந்திரவாதி கிளிக்குள்ள வெச்சாப்பல." சாமியார் புத்தகத்தை மூடிவிட்டார்.

அவரைக் கடுமையான ஆள் என்று நீ நினைக்கக் கூடாது. வயசு குறைவு, பங்குக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மழையிலும் சைக்கிளில் போய்ச் சாகக் கிடக்கிறவர்களுக்கு நோயில்பூசுதல் கொடுக்கிறவர். அவரைப் பார்க்கப் போனபோது, கதைதானே சாமி என்று சொல்லிப் பார்த்தேன்.  "உங்களுக்கு அது கதை ஐயா. இந்தப் பிள்ளைகளுக்கு மந்திரவாதி அடுத்த தெருவில் குடியிருக்கிற ஆள்" என்றார். போன வருஷம் ஒரு கிராமத்தில் காய்ச்சல்காரப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மந்திரவாதியிடம் தகடு எழுத அழைத்துப் போனார்கள், இவர் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள், அதைச் சொன்னார். விசாரித்தேன், உண்மைதான்.  அவர் கேட்பது இரண்டு காரியம். ஆண்டவரை மந்திரவாதியோடு சேர்த்தது தப்பு என்று அக்கா பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும், இது ஒன்று. இந்த மாதிரிக் கதை படிப்பதும் படம் பார்ப்பதும் பாவம் என்றும் சொல்ல வேண்டும், இது மற்றொன்று. அக்காவைச் சம்மதிக்க வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். உன் அம்மா கூடவே வந்திருந்தாள், அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவள் எழுந்திருக்கும்போது, நம்ம கோயில்ல மிக்கேல் சம்மனசு காலுக்கடியில றெக்கையும் வாலுமா கெடக்கறது என்னுங்க சாமி, பல்லியா என்று கேட்டுவிட்டாள். சாமியாருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சேலத்தில் இப்போது ஓடும் ஒரு மாயாஜாலப் படத்தில் பலிபூசையெல்லாம் காட்டுகிறார்கள், பிள்ளைகள் அதைப் பார்த்து வந்து பேசுகிறார்கள் என்றும் சாமியார் சொல்லியிருந்தார். பார்க்காமல் ஒன்றைப் பற்றிப் பேசுவது பத்திரிகைக்குச் செய்தி எழுதும் என் தொழிலுக்கு ஆகாது, தபசு காலத்தில் நம் வீட்டில் யாரும் கொட்டகைப் பக்கம் போவதில்லை என்பது தெரிந்தும் பகல் ஆட்டத்துக்குப் போனேன். வரிசையில் நின்றதை ராஜம்மாள் டவுன் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டாள், நான் வீடு சேருமுன் செய்தி சேர்ந்துவிட்டது. பூதம் பாத்துட்டு வந்தவரு வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்கு எந்த மூஞ்சியோட வருவீங்கன்னு அம்மா கேட்டாள், ஒரு வாரமாக ரசம் ஊற்றும்போதெல்லாம் அதையே கேட்கிறாள். படத்தைப் பற்றி நான் கண்டது இது. பலி கொடுக்கும் காட்சி ஒன்று இருக்கிறது, சாமியார் சொன்னது சரி, அது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் பூதம் புகையிலிருந்து எழும்பியபோது என் கை தானாகவே நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது, பக்கத்தில் இருந்த லாரிக் கிளீனர் ஒருவர், "பயப்படாதீங்க பெரியவரே, அது பஞ்சும் சாயமுங்க" என்றார். சிரித்தேன். மீதிப் படத்தையும் சந்தோஷமாகப் பார்த்தேன், அதை மறைக்க முடியாது. வெளியே வந்து வெயிலில் நின்றபோது அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை.

அக்கா முதல் காரியத்துக்கு உடனே சம்மதித்தாள், தப்பாகச் சேர்த்துக்கொண்டது பிள்ளைதான் என்றாலும் சொன்னவள் நான்தானே என்றாள். இரண்டாவதுக்குத்தான் மறுக்கிறாள். நான் சாமியார் பக்கம் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், அந்தக் காய்ச்சல்காரப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன், அழுதாள், ஆனால் மாறவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொய்யின்னு சொல்லச் சொல்லுங்கப்பா, சொல்றேன். பாவமுன்னு எப்படிச் சொல்றது? நான் அதை ரசிச்சுத்தானே படிச்சேன். சனிக்கிழமை படிச்சுட்டு ஞாயித்துக்கிழமை நன்மை வாங்கினேன். அது பாவமுன்னா நான் வாங்கின நன்மையெல்லாம் என்னங்கப்பா?" இதற்கு நீ எழுதிய பதிலையும் படித்தேன், அக்கா காட்டினாள். நீ சேர்ந்திருக்கும் ஜெபக் கூட்டத்தில் இவையெல்லாம் பிசாசுக்குத் திறந்த கதவு என்று சொல்வதாகவும், பேசாமல் பாவம் என்று ஒத்துக்கொள் என்றும், டிரங்குப் பெட்டியில் நீ பைண்டு செய்து வைத்திருக்கும் கதைகளை எரித்துவிடவும் எழுதியிருக்கிறாய். ஜெபக் கூட்டத்தைக் குறை சொல்லமாட்டேன், அதில் சேர்ந்த பிறகு நீ சீட்டாட்டத்தை விட்டாய், அதற்கு அம்மா தினமும் நன்றி சொல்கிறாள். ஆனால் எரிக்கவில்லை. நீ வந்து உன் கையால் செய்வதானால் செய், நான் தடுக்கமாட்டேன். நான் எழுதும் செய்தியில் ஒரு வார்த்தை பொய்யாகப் போனால் ஒருவன் குடி கெடும், கதையில் முதல் வரியிலிருந்து பொய், சொல்கிறவனுக்கும் தெரியும் கேட்கிறவனுக்கும் தெரியும், இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதே சமயம் கேட்கிறவனுக்குத் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று சாமியார் கேட்பதும் காதிலேயே நிற்கிறது.

புதன்கிழமை நானே வெண்ணந்தூர் போனேன். காளியப்பன் தறியிலிருந்து எழுந்து வந்து, "புதுநன்மைக் கவுனுக்குத் துணி நானே நெய்து வெச்சிருக்கறேனுங்க, புள்ள அந்த வரிசையில நிக்குமா நிக்காதான்னு மட்டும் சாமிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. வள்ளியாத்தாளிடம் பேச்சுக் கொடுத்தேன். பேழையில் யார், எப்படி உயிர்த்தார், எதைக் கேட்டாலும் புத்தகத்தில் இருக்கிற வரி அப்படியே வருகிறது, கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சொல்கிறது. எல்லாம் சரியான பதில். பரீட்சையில் அன்று தப்பாகச் சொன்ன பிள்ளை யோசித்துச் சொல்லியிருக்கிறது, இன்று சரியாகச் சொல்கிற பிள்ளை பயந்து சொல்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கிளம்பும்போது அவள் அப்பன் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கிட்டே வந்து, "தாத்தா, அந்தக் கிளி என்னாச்சுங்க?" என்று கேட்டது. எனக்குப் பதில் தெரியும். சாமியார் நிறுத்தச் சொன்ன கதையை நான் அவர் முதுகுக்குப் பின்னால் முடிப்பது சரியா என்று யோசித்தேன், அதற்குள் காளியப்பன் சொம்போடு வந்துவிட்டார். ஆயுசு முழுக்க மற்றவர்களைக் கேள்வி கேட்டுப் பிழைத்தவன், ஒரு பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும்தான் அக்கா மீதிக் கதையை எப்படிச் சொல்ல இருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. கிளியைக் கண்டுபிடித்து மந்திரவாதி சாகிற இடத்தில் நிறுத்தி, அவன் உயிரை ஒளித்து வைத்துக் காவல் காத்தான், அப்படியும் செத்தான், ஆண்டவர் ஒளிக்கவே இல்லை, எல்லாருக்கும் பிட்டுக் கொடுத்தார், ஆகவே இருக்கிறார் என்று சொல்ல நினைத்திருந்தாளாம். நேற்று சாமியாரிடம் இதை மட்டுமே கொண்டுபோனேன். பாவம் என்று சொல்லும்படி அவளை வற்புறுத்த என்னால் ஆகாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, தொடங்கியதை முடிக்க ஒரே ஒரு வகுப்பு, நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம் என்று கேட்டேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீ இது பற்றிச் சாமியாருக்கு நேரடியாக எழுத வேண்டாம், அக்காவுக்கு எழுது, ஆனால் புத்தி சொல்லாமல் சும்மா விசாரித்து எழுது, உன் கடிதம் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. பாஸ்குத் திருநாளுக்கு முன் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துகொள், உருக்காலையில் உலை அருகே வேலை முடிந்ததும் உடனே குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே, அம்மா அனுப்பிய பருப்புப் பொடி வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுது.

பெரிய வியாழன் காலை பரிசுத்த எண்ணெய் மந்திரிப்புக்கு எல்லாக் குருக்களும் சேலம் பெரிய கோயிலில் கூடுவார்கள், அங்கே மூத்த சாமிமார்களைக் கேட்டுக்கொண்டு அன்று சாயங்காலம் பாதம் கழுவும் பூசைக்கு முன் முடிவைச் சொல்வதாகப் பங்குச் சாமியார் சொல்லியிருக்கிறார். சரி என்றால் பாஸ்குவுக்கு அடுத்த ஞாயிறு அக்கா வெண்ணந்தூர் போவாள், மறுபரீட்சை அன்றே, புதுநன்மை ஏப்ரல் இருபத்தைந்து. இல்லை என்றால் எனக்குத் தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் வெள்ளிக்கிழமையே உனக்கு எழுதிவிடுவேன். அதுவரை அந்தக் கதையில் மந்திரவாதி சாகவில்லை, வள்ளியாத்தாளுக்குக் கிளி என்ன ஆயிற்று என்றும் தெரியாது.

ஆண்டவருடைய சமாதானமும் மாதாவின் அடைக்கலமும் உன் மேலும் உன் அறைத் தோழர்கள் மேலும் இருக்கட்டும்.

உன் அப்பா,
ச. அருளப்பன்