இருக்கட்டுங்க

இன்று காலை உங்கள் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. கேட்டில் நின்ற கூரியர்காரர், "ஏனுங்க, சார் இருக்காருங்களா?" என்று கேட்டார். இல்லை என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் உங்களுக்குச் சாமான் வந்துகொண்டிருப்பதை வெளியாள் ஒருவரிடம் விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

அட்டையைக் கிழித்ததும் அந்த வாசனை வந்தது. புது பிளாஸ்டிக்கும் ரப்பரும் கலந்து மூக்கில் ஏறுமே, அதே வாசனை. இந்த வீட்டில் அது வந்தாலே என்னுடைய ஏதோ ஒரு சாமானுக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம். அதனால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பார்த்த பிறகு இன்னும் அதிகமாக வந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நம் ஊரில் புருசனைத் திட்டுவதானாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும். கோபத்தில் பாதி அந்த 'ங்க'விலேயே கரைந்துவிடும். எழுத்தில் அந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

கணபதியில் பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தவர் நீங்கள். அங்கே மோட்டாரை என்ன செய்தீர்களோ எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தால் எதையும் அதன் போக்கில் விட மாட்டீர்கள். "ஆல்டர் பண்ணிப்போட்டேன் அம்மணி" என்று ஒருநாள் என் கிரைண்டரின் புல்லியை மாற்றி வைத்தீர்கள். மாவு சீக்கிரம் அரைபட்டது. அரைபட்ட வேகத்தில் சூடேறி, இட்லி கல்லாகப் போனது. அதையும் குறை சொல்லாமல் நீங்கள் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றீர்கள். என் ஸ்கூட்டரின் சீட்டை உயர்த்தினீர்கள். பள்ளிக்கூட வாசலில் கால் எட்டாமல் பிள்ளைகள் முன்னால் நான் சாய்ந்து விழுந்ததுதான் மிச்சம். கேட்டால், "கம்பெனிக்காரன் பயந்துக்கிட்டே செய்வான், நாமதான் தைரியமா செய்யோணும்" என்பீர்கள்.

என்னைக் கேட்காமல் செய்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள். அதுதான் இதில் பெரிய அநியாயம். "மாத்திப்போடட்டுமா அம்மணி?" என்று பின்கட்டிலிருந்து குரல் வரும். நான் அடுப்படியிலிருந்து "இருக்கட்டுங்க" என்பேன். மறுநாள் பார்த்தால் மாற்றியாகியிருக்கும்.

இருக்கட்டுங்க என்றால் வேண்டாம் என்று அர்த்தம். மேட்டுப்பாளையத்திலிருந்து உங்கள் பெருந்துறை வரைக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பந்தியில் இரண்டாம் தடவை ஜிலேபி வைக்க வந்தால் நீங்களே இலைமேல் கையை நீட்டி "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க" என்பீர்கள். அப்போது அர்த்தம் தெரிந்திருந்தது. கையில் ஸ்குருடிரைவர் இருந்தால் மட்டும் அதே சொல் 'அப்படியே இருக்கட்டும், போடுங்க' என்று உங்கள் காதில் விழும். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல என்னை யாரும் வளர்க்கவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டினீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறந்து சொன்னேன். பள்ளிக்கூட வேலையை விட்டதும் எனக்கென்று நான் வாங்கிய ட்ரோன் அது. கணக்கு டீச்சருக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். ஒரு கல்யாணத்தில் போட்டோக்காரர் பறக்கவிட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அதன்மேல் ஒரு கண். உள்ளங்கையில் மடங்கி உட்கார்கிற சின்னதாகத் தேடி எடுத்தேன். இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் பொழுதுபோக்குக்குப் பறக்கவிட லைசென்ஸ் வேண்டியதில்லை. அதற்காகவே அந்த மாடல். அடுப்படித் தராசில் வைத்துப் பார்த்தபோது வரம்புக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. எனக்கு அதில் அவ்வளவு திருப்தி.

தொண்டாமுத்தூரில் அண்ணன் தோட்டத்தில்தான் முதலில் பறக்கவிட்டேன். மேலிருந்து பார்க்கும்போது தென்னந்தோப்பு கோலத்துக்கு வைத்த புள்ளி மாதிரி இருந்தது. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். அப்பா எவ்வளவு நேராக நட்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வரப்பு, வாய்க்கால், மாட்டுக்கொட்டகைக் கூரை எல்லாம் ஒரு தாளில் போட்ட கணக்குபோல் தெளிவாகக் கிடந்தன. என் கண், என் கை, என் சாமான். வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொன்னேன்: "இதுல மட்டும் கை வெக்காதீங்க." நீங்கள் சிரித்துக்கொண்டே, "உன்ற சாமானத்துல நா எதுக்குக் கை வெக்கறேன்" என்றீர்கள்.

முதலில் ரெக்கை வந்தது. சத்தம் குறைவாக இருக்குமாம். போடட்டுமா என்றீர்கள், இருக்கட்டுங்க என்றேன், போட்டுவிட்டீர்கள். சத்தம் குறைந்தது உண்மைதான். பொய்யாகத் திட்டக் கூடாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் காமிரா முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி. அப்புறம் புல்லில் இறங்க உயரமான கால். ரிமோட்டில் சிக்னல் தூரம் போக ஒரு தகடு. பிறகு அடிவயிற்றில் பளிச் பளிச்சென்று மின்னுகிற லைட். அண்ணன் தோட்டத்துக்கு யானை வந்தால் விரட்டலாம் என்றீர்கள். அந்த லைட்டைப் பார்த்து யானை ஓடாது, கிட்டே வந்து என்னவென்று விசாரிக்கும் என்றேன். நீங்கள் அதற்கும் சிரித்தீர்கள். கடைசியாக வேறு கம்பெனி பேட்டரி ஒன்று, ரொம்ப நேரம் பறக்குமென்று. கழற்றிய பழைய சாமான்களைக் குப்பையில் போட்டுவிட்டீர்கள். "பழசு கண்ணுல பட்டா கை அங்கயே போகும்" என்பது உங்கள் கொள்கை.

மறுபடியும் தராசில் வைத்தேன். வரம்பைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. லைசென்ஸ் வேண்டுமே என்றேன். எவன் வந்து தராசு பிடிக்கப் போகிறான் என்றீர்கள். என் தராசு உங்களுக்குக் கணக்கில் வரவில்லை.

அந்தப் பட்டிப் பொங்கலைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். மாட்டுப் பொங்கல் சாயங்காலம் மாட்டுக்கொட்டகை முன்னால் சாணத்தில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, பூவெல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். கன்றுக்குட்டி அதை மிதித்துக் கடந்தால் அந்த வருசம் பட்டியில் மாடு பெருகும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அது மிதிக்கிற அந்த ஒரு நொடியை நேர் மேலிருந்து எடுத்துத் தருகிறேன் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தேன். அது மிதித்ததும் குளத்துத் தண்ணீர் எப்படித் தெறிக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். சொந்தபந்தம் மொத்தமும் கூடியிருந்தது.

ட்ரோனை ஏற்றினேன். கன்றைக் கயிற்றோடு கூட்டிவந்தார்கள். தலைக்கு மேலே உங்கள் லைட் மின்னியது. கன்று அண்ணாந்து பார்த்து மிரண்டது. அணைத்துவிடலாம் என்றால் அந்த லைட்டுக்கு ரிமோட்டில் சுவிட்சே கிடையாது. சரி, இறக்கிவிடலாம் என்று பார்த்தால், ரிமோட்டில் பாதிக்கு மேல் சார்ஜ் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்த உங்கள் பேட்டரி ஒரே மூச்சில் அணைந்தது. ட்ரோன் கொட்டகைக் கூரையில் விழுந்து, உருண்டு, தரையில் அடித்தது. கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு, குளத்தை மிதிக்காமல் தாண்டிக் குதித்து, வாழைத்தோப்புக்குள் ஓடிவிட்டது.

 அப்புறம் பெரியம்மா ஒருத்தி, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம் என்று ஆரம்பித்தாள். ரிமோட் என் கையில் இருந்தது. எல்லாக் கண்ணும் என்மேல் இருந்தது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் சொல்வீர்கள் என்று நம்பினேன். 'நாந்தான் ஆல்டர் பண்ணிப்போட்டேன்' என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிற அதே வாக்கியம்தானே, அன்று ஒரு தடவை சொன்னால் போதும். நீங்கள் அவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "அம்மணிக்குக் கை பெசகிருச்சாட்ட இருக்குதுங்க. போகப்போகப் பழகிக்குவா."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகம் வாடிப் போயிருந்தது. ஆனாலும் வீட்டு மாப்பிள்ளையின் மனம் நோகக் கூடாதே. "இருக்கட்டுங்க மாப்ள, அடுத்த வருசம் மிதிச்சுக்கும்" என்றார். நீங்கள் அதையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பொங்கல் சாப்பிட உட்கார்ந்தீர்கள். என் கை பிசகவில்லை. கரும்பலகையில் ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு போட்ட கை இது. இதை அன்றைக்கு அந்தக் கொட்டகை முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டியவர் நீங்கள்.

 திரும்பி வரும்போது காரில், பேரூர் தாண்டியதும் நீங்கள்தான் ஆரம்பித்தீர்கள். "அம்மணி, அதையப் பழையபடிக்கே பண்ணிப்போடட்டுமா?"

"இருக்கட்டுங்க" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னேன். வேண்டாம், தொடாதீங்க, என்னோடு பேசாதீங்க, அந்தச் சாமானும் வேண்டாம் நீங்களும் வேண்டாம் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்றிலிருந்து ட்ரோன் பின்கட்டில் உங்கள் பட்டறை மேசையில் ஒரு துணிக்கு அடியில் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆடி பிறப்பதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தீர்கள், ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணனிடம் உண்மையைச் சொல்ல உங்களுக்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. ஒன்றிலும் சொல்லவில்லை. கேதத்துக்கு வந்த எல்லோரும் தங்கமான மனுசன், எது ரிப்பேரானாலும் சரி பண்ணிப்போடுவார் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பிசகிய கை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற அதே கையை. நானும் அழுதேன். அதில் எவ்வளவு துக்கம், எவ்வளவு ஆத்திரம் என்று இன்றுவரை எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போது பார்சலுக்கு வருகிறேன். அதில் ஒரு பேட்டரி, நாலு ரெக்கை இருந்த ஒரு பொட்டலம், அடிவயிற்று மூடி ஒன்று. மின்னுகிற லைட் இல்லை, தகடு இல்லை. எல்லாம் என் ட்ரோன் வாங்கும்போது அதில் இருந்தவைதான். அதே கம்பெனி, அதே சாம்பல் நிறம். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரிஜினல் சாமான் இப்படித்தான் மாதக்கணக்கில் இழுக்கும் என்று நீங்களே அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழையபடிக்கே பண்ணிப்போடட்டுமா என்று கேட்டீர்கள். இருக்கட்டுங்க என்றேன். வழக்கம்போல அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் போட்டிருக்கிறீர்கள். இத்தனை வருசம் தப்பாகக் கேட்ட காது கடைசித் தடவையும் தப்பாகவே கேட்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அதனால்தான் வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு நான் சந்தோசப்பட வேண்டுமா? எனக்கு அந்த மேசையை எட்டி உதைக்கத்தான் தோன்றியது. ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பேட்டரியும் நாலு ரெக்கையும் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். வார்த்தைக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாதுங்க.

உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து நானே கழற்றினேன். கால், லைட், கண்ணாடி, தகடு எல்லாம் போயிற்று. கீறல் விட்டிருந்த மூடியை எடுத்துவிட்டுப் புது மூடியைப் போட்டேன். ரெக்கைகளில் எது எந்தப் பக்கம் சுற்றும் என்று குறி பார்த்து மாட்டினேன். தராசில் வைத்தேன். பழைய இடத்தில், வரம்புக்கு மயிரிழை கீழே நின்றது. மத்தியானமே தொண்டாமுத்தூர் போய்விட்டேன்.

ட்ரோன் அடம் இல்லாமல் ஏறியது. தென்னம்புள்ளிகள், வாய்க்கால், கொட்டகைக் கூரை எல்லாம் அப்படியே இருந்தன. காற்றுக் கொஞ்சம் அடித்தபோதும் நின்ற இடத்தில் நின்றது. அண்ணன் பக்கத்தில் வந்து திரையை எட்டிப் பார்த்தார். இறக்கி என் உள்ளங்கையிலேயே பிடித்தேன். அப்புறம் அவரிடம், அன்றைக்கு என் கை பிசகவில்லை, பேட்டரியும் லைட்டும் மாப்பிள்ளையின் வேலை என்று முழுவதையும் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கன்றைக் கட்டியிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். வருகிற பொங்கலுக்கு அது குளம் மிதிக்கிற கன்று இல்லை, வளர்ந்த கிடாரி.

"போன மனுசன் மேல இன்னும் எதுக்கு அம்மணி கோவம்? உட்டுப்போடு" என்றார்.

"இருக்கட்டுங்ணா" என்றேன்.

விட்டுவிடுகிறேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவர் மோட்டார் போடப் போய்விட்டார். நான் இருக்கட்டும் என்று சொன்னது கோபத்தை. பார்சல் அனுப்பி அதிலும் கை வைக்கப் பார்த்தீர்கள், நடக்கவில்லை. அது என்னோடு இருக்கட்டும். என்னிடம் இருப்பதில் நீங்கள் ஆல்டர் பண்ணாத சாமான் அது ஒன்றுதான்.