ஈப்போவில் வேலை என்று சொன்ன பொய்

1965 மே, சனிக்கிழமை இரவு

இன்னும் படபடப்பு அடங்கவில்லை. சாயங்காலம் அக்கா மகள் மல்லிகாவோடு, செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியில் லெட்சுமி வீட்டுக்கு டிவி பார்க்கப் போனேன். மலாய் நாடகம். அப்பாவும் அம்மாவும் சிறையில், கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னப் பிள்ளை. எழுந்துவிடலாமா என்று நினைப்பதற்குள் மல்லிகா சத்தமாகக் கேட்டாள்.

“சித்தி, எங்கம்மாவயும் இப்படித்தான் வெளிய நின்னு பாப்பீங்களா?”

லெட்சுமி தலைமுறைகளாக மலாய் மட்டுமே பேசும் செட்டிக் குடும்பம்; அவளுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. என் அக்காவையும் அவள் புருஷனையும் தொழிற்சங்கக் கூட்டத்துக்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, அவர்கள் தூரத்து ஊரான ஈப்போவில் வேலை செய்வதாகத்தான் பிள்ளையிடம் சொல்லி வருகிறேன்.

வரும் வழியில், “யார் சொன்னது?” என்றேன்.

“யாரும் சொல்லல. போலீஸ் வந்தப்ப நான் முழிச்சிட்டுதான் இருந்தேன்.”

“ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க அழுவீங்க.”

எட்டு வயது. போன வாரம்கூட, ஈப்போவில் அம்மாவுக்குக் குளிருமா என்று என்னைக் கேட்டாள்.

“அடுத்த வாட்டி என்னயும் கூட்டிட்டுப் போங்க சித்தி.”

பிள்ளையைச் சிறைக்குக் கூட்டி வராதே என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். அக்கா திட்டட்டும்.