முப்பத்தாறா, ஐம்பதா

1988 ஜூன் 6, திங்கள்

மழை. மலை உச்சியில் இன்னும் வெள்ளைப் பனி. ஜூனாம்.

பட்டறையில் புது வேலை. முதலாளி ரேட்டோ தன் மனைவி ஊர்சினாவுக்கு வேட்டைத் துவக்கு செய்கிறார். வீட்டில் வேட்டைக்காரி அவதான். இவர் துவக்குச் செய்பவர் மட்டும். பனிக்காலத்தில் அவ ஐஸில் வழுக்கி விழுந்து, கூர் நகர ஆஸ்பத்திரியில் வலது தோளில் ஒப்பரேஷன். செப்ரெம்பரில் வேட்டை.

குழலுக்குள் திருகுப் பள்ளம் இருக்கும். குண்டைச் சுழற்றி நேராகப் போகச் செய்வது அதுதான். அவவின் பழைய துவக்கைப் போல 36 செ.மீ.க்கு ஒரு சுற்றா, 50க்கு ஒரு சுற்றா? 50இல் லேசான குண்டுதான் ஒழுங்காகப் போகும்; பாரமானது தள்ளாடும். லேசானது தோளை அதிகம் உதைக்காது. ரேட்டோ விரும்புவது 50. வெள்ளிக்கிழமை ஓர்டர். வெட்டிய குழலைப் பிறகு மாற்ற ஏலாது.

"அவளிட்டைச் சொல்லிப்போடாதையும்" என்றார்.

வாங்க: அரிசி, மிளகாய்த்தூள் (முருகேசண்ணை சூக் நகரிலிருந்து வந்தால்), சப்பாத்துக் கயிறு.

ஜூன் 7, செவ்வாய்

ஊர்சினா கோப்பி கொண்டுவந்தா. இடது கையால். கெற்றிலைத் தூக்க இன்னும் ஏலாதாம்.

"குழலிலை சுற்று எத்தினை? முந்தினதைப் போலத்தானே?" என்று என்னைக் கேட்டா. வாய்க்குள் கொழுக்கட்டை வைத்தவன் போல நின்றேன். லேத்தைப் போட்டுச் சத்தத்துக்குள் ஒளித்துக்கொண்டேன். நல்ல மனிசி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜூன் 8, புதன்

வெயில். கடைசியில்.

என் மனிசி செல்வி ஹோட்டல் லாண்டரி வேலை முடிந்து வந்து கால் நீட்டி இருந்தாள். இவள் பட்டறையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. ஊரில் பட்ட பாட்டுக்குப் பிறகு துவக்கு என்ற சொல்லே வீட்டில் ஆகாது. என் பட்டறை ஏப்ரன் கதவுக்கு வெளியே, கொறிடோரில். கழுவுவதும் நான்தான், தனியாக. அதில் எனக்குக் கோபம் இல்லை.

இன்று மனம் தாங்காமல் சொல்லிவிட்டேன். வெங்காயம் உரித்தபடி கேட்டாள்.

"முப்பத்தாறிலை லேசான குண்டு போகாதோ?"

"போகும். ஒரு விரல் அங்காலை இங்காலை விலகும்."

"பாரமானது?"

"அது நல்லாப் போகும்."

"பிறகென்னப்பா? அந்தத் தோள் இனிச் சுகப்படாதெண்டு உங்கடை முதலாளி ஏன் முடிவெடுக்கிறார்?"

கண் கலங்கியிருந்தது. வெங்காயம் என்றாள்.

ஜூன் 9, வியாழன்

செல்வி கேட்டதை ரேட்டோவிடம் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று.

கோபிக்கவில்லை. "எனக்கு அது தெரியாதோ? 36 வந்தால் நாளைக்கே பாரமானதைப் போட்டுச் சுடுவாள். உமக்கு அவளைத் தெரியாது. தோள் திரும்பப் போனால் நான் என்ன செய்ய?"

அவவைக் கட்டி இருபத்தைந்து வருசம் வாழ்ந்தவர். அவர்மேல் பாவமாக இருந்தது.

"அவவைக் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லையாம்.

மத்தியானம் மேல்மாடியில், அவர்கள் வீட்டில் சத்தம். அவர்களுடைய ரொமான்ஷ் பாஷை எனக்கு விளங்காது. இரண்டு தரம் என் பெயர் வந்தது. அதற்கு மட்டும் காது நல்லாக் கேட்கும். ரேட்டோ காது சிவக்க இறங்கி வந்து, குழல் ஓர்டருக்கு ரெலிபோனை எடுத்தார்.

"முப்பத்தாறு" என்றார்.

ஓகஸ்ட் 20, சனி

குளிர் காற்று. துவக்கு முடிந்தது. மூவரும் சுடுமிடம் போனோம். நான் ஏன் என்று கேட்டேன், ஊர்சினா விடவில்லை.

ஊர்சினா லேசான தோட்டா மூன்று சுட்டா. தாளில் மூன்று ஓட்டை, கொஞ்சம் விலகி. மானுக்கு அது போதும். தோளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தா.

பிறகு ஜாக்கெற்றுக்குள் கை விட்டு ஒரு பழைய பாரத் தோட்டாவை எடுத்தா. ரேட்டோவின் முகம் வெளுத்தது. அவ அதைத் துவக்கில் போடவில்லை. அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினா.

"நீர் வைச்சிரும். நான் கேட்கேக்கை தாரும்."

அவர் சேட்டுப் பொக்கற்றில் போட்டுப் பொத்தானைப் பூட்டினார். நான் மலையைப் பார்த்தேன்.

வீட்டில் சப்பாத்துக் கழற்ற முதலே செல்வி கேட்டாள்: "தோள் நோகேல்லையாமோ அவவுக்கு?"

"இல்லையாம்."

"ம்."

கழுவக் கொண்டுவந்த ஏப்ரனை என் கையிலிருந்து வாங்கினாள். தன் சட்டைகளோடு சேர்த்து ஊறப்போட்டாள்.