சந்தனம் குடித்த பெட்டி

அண்ணா,

பாலில் கொழுப்பு பார்க்கும் உன் பழைய மிஷின் என் எதிரில் மேசைமேல் உட்கார்ந்திருக்கிறது. அது செத்து எத்தனையோ வருஷமாகியும் அதன் காற்று ஓட்டைகளில் நீ பூசிய சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கை வைத்தால் இப்போதும் வாசனை வருகிறது. உன் மகனைக் கேட்டால் தூசி வாசனை என்பான். எனக்கு வருகிறது, அவ்வளவுதான்.

அதைச் சுற்றி இந்தத் திருப்பதி ஆபீசின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் காலையிலிருந்து ஒரே செய்தியைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எந்த தேசத்து ஆளோ தெரியவில்லை, நம் டெய்ரியின் கணக்கு முழுவதையும் பூட்டிவிட்டான். சாவி வேண்டுமானால் என்னோடு பேசு என்கிறான். பலமனேர் சென்டரில் இந்த வாரம் ஜனங்கள் ஊற்றிய பால் எவ்வளவு, அதில் கொழுப்பு எவ்வளவு, அதற்கு யாருக்கு எவ்வளவு காசு, எல்லாம் அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் மறுபடியும் கேனோடு வரப்போகிறார்கள். உன் மகன் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருக்கிறான். அவனைப் பார்த்து நானும் கொஞ்சம் நடந்தேன். கைக்காவது ஒரு வேலை இருக்கட்டும் என்று உனக்கு எழுதுகிறேன்.

பெங்களூரிலிருந்து கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காரர் ஒருவர் போனில் பேசினார். "வெளிய மூச்சு விடாதீங்க சார். சர்வர் ரிப்பேர்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நம் சென்டருக்கு எதிர்ப்பக்கத்திலேயே போட்டிக்குப் பால் வாங்கும் பெரிய கம்பெனியின் வேன் தினமும் நிற்கிறது. கணக்கு போய்விட்டது என்று காதில் விழுந்தால் கேன்கள் அப்படியே ரோட்டைத் தாண்டும். தாண்டிய கேன் திரும்பாது. நீ கட்டிய டெய்ரி அதோடு முடிந்தது.

உன் மகன் போனை வைத்துவிட்டு, "நைனா இருந்தா என்னா பண்ணியிருப்பாரு சித்தப்பா?" என்று கேட்டான். நான் இந்தப் பெட்டியைக் கையால் காட்டினேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். தனியார் யார் வேண்டுமானாலும் பால் தொழில் செய்யலாம் என்று சர்க்கார் கதவைத் திறந்துவிட்ட காலம். நம் பக்கத்துப் பையன்கள் மூட்டை கட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏற, நான் மட்டும் அங்கே பாக்டரி வேலையை விட்டுவிட்டு பலமனேரில் உன்னிடம் வந்து சேர்ந்தேன். நான் போனதும் அந்த பாக்டரியே ஒரு மாசம் தடுமாறியது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நீ அப்போதும் சிரித்தாய். "இவன் எது சொன்னாலும் பாதிய வெட்டிட்டு கேளு" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாய்.

அதுவரை பாலை உள் அறைக்குக் கொண்டுபோய், ஆசிட் ஊற்றிச் சுற்றி, கொழுப்பு இவ்வளவு என்று வெளியே வந்து சொல்வது வழக்கம். சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஜனங்கள் முனகிக்கொண்டே போவார்கள். பெரிய கம்பெனி எதிரில் டேங்கரை நிறுத்தியதும் அந்த முனகல் சத்தமாகிவிட்டது. உடனே நீ போய் இந்த மிஷினை வாங்கிவந்தாய். பாலை உறிஞ்சும், சிவப்பு எழுத்தில் கொழுப்பு நம்பர் காட்டும். ஆசியாவிலேயே இரண்டாவது மிஷின் அது. முதலாவது ஜப்பானில் இருந்தது.

பாதுகாப்புக்கு நான்தான் பொறுப்பு. கண்ணாடி ரூம், இரும்புக் கிரில், திண்டுக்கல் பூட்டு, ஒரு நாய் என்று பக்காவாகத் திட்டம் போட்டேன். நீ மிஷினைத் தூக்கி, நம்பர் காட்டும் முகம் ரோட்டைப் பார்க்கிற மாதிரி ஜன்னலில் திருப்பி வைத்தாய்.

"எவனாவது தூக்கிக்கினு போயிடுவாண்ணா."

"தூக்கிக்கினு போனா இன்னொண்ணு வாங்கலாம்டா. உள்ள வச்சு பூட்டினா, உள்ள என்னாமோ பண்றானுங்கன்னு நெனப்பான். அத எங்க போய் வாங்குவ?"

நாய்க்கு மட்டும் அனுமதி கொடுத்தாய். அதுவும் வருகிறவர்களிடமெல்லாம் வாலாட்டியது.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது. தராசு, கேன், டெம்போ எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்த கையோடு மிஷினுக்கும் வந்தாய். விலை உயர்ந்த சாமான் என்பதால் அதற்குக் கூடுதல் மரியாதை. சந்தனத்தை அள்ளி அப்பினாய், குங்குமம் வைத்தாய், மாலை போட்டாய், மஞ்சள் தண்ணீர் தெளித்தாய். நாங்கள் கற்பூரம் காட்டினோம். மிஷின் ஒரு தடவை கண் சிமிட்டியது. சாமி ஏற்றுக்கொண்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அது உயிர் விட்ட சிமிட்டல் என்று மறுநாள் விடியற்காலையில்தான் தெரிந்தது.

வெளியே வரிசை. எதிரில் டேங்கர். சும்மா சொல்லவில்லை, அன்றைக்கு வந்த கூட்டம் பிரம்மோற்சவத்துக்குக்கூட வந்திருக்காது.

"கரெண்டு இல்லன்னு சொல்லிடலாம்ண்ணா. இந்த ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டான்" என்றேன். அந்தக் காலத்தில் அதைவிட உறுதியான காரணம் கிடையாது.

நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சென்டர் படியில் போய் நின்றாய். "மிஷினு போச்சு. நான்தான் சந்தனம் பூசி சாவடிச்சிட்டேன்" என்றாய்.

நான் எதிரில் நின்ற டேங்கரையே பார்த்தேன். முன்னால் நின்ற மங்கம்மாதான் கேனைக் கீழே வைத்தாள். "அவுனா, அப்படியா? சந்தனம் பூசினீங்க, சரி. அடுத்த வருசம் மலைக்கு கூட்டிக்கினு போய் மொட்டையும் அடிச்சுடுங்க" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நீ கேட்டாய், "நேத்து உன் பால் என்னா காமிச்சிது மங்கம்மா? நீயே சொல்லு, அதான் இன்னிக்கும்."

ஒவ்வொருவரும் சொன்னார்கள். தண்ணீர் மாதிரி பால் ஊற்றுகிற ஒருத்தன், எருமைப் பாலுக்கு வருகிற நம்பரை அலட்டாமல் சொன்னான். பின்னாலிருந்து ஒரு குரல், "ஏண்டா, உன் மாடு நேத்து துபாய் போயி துன்னுட்டு வந்துச்சா?" என்றது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நம்பரைக் குறைத்துச் சொன்னான். தினமும் ஜன்னலில் எல்லாருடைய நம்பரையும் எல்லாரும் பார்த்திருந்தார்களே, யார் யாரை ஏமாற்றுவது? புது மிஷின் வரும்வரை அப்படியே ஓடியது. ஒரு கேன்கூட ரோட்டைத் தாண்டவில்லை.

இதை உன் மகனுக்குக் கொஞ்சம் மசாலா சேர்த்தே சொன்னேன். அவன் நடப்பதை நிறுத்திக் கேட்டுவிட்டு, "அப்போ ஜன்னல்ல எல்லாருக்கும் தெரிஞ்சிது சித்தப்பா. இப்போ அவங்கவங்க நம்பர் அவங்கவங்க போனுக்கு மட்டும் மெசேஜா போவுது. பக்கத்துல நிக்கறவனுக்குக்கூட தெரியாது. யாரு சரி பாப்பாங்க?" என்றான். நான் மறுபடியும் பெட்டியைக் காட்டினேன். இந்தத் தடவை பெட்டி உதவவில்லை.

மறுபடியும் நடந்தான். திடீரென்று நின்று, "மெசேஜ் அவங்க போன்லதான இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். என்னைப் பார்த்து, "வண்டில ஏறு சித்தப்பா" என்றான். எழுதுவதை அங்கேயே நிறுத்தினேன்.

இப்போது பலமனேரில், கவிழ்த்துப் போட்ட கேன்மேல் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன். சித்தூர் தாண்டும்வரை பெங்களூர்க்காரர் போன் மேல் போன் போட்டார். "சொன்னா உங்க பேரு கெட்டுடும் சார்" என்றார். உன் மகன், "அது எங்க பேரு சார், நாங்க பாத்துக்கறோம். நீங்க அந்தப் பூட்ட தொறக்கறத பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டான். பலமனேர் வரை அவன் கை ஸ்டீரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது.

அதே படி. அதே மாதிரி வரிசை, எதிரில் வேன். அவன் பேண்ட் சட்டையில் போய் நின்றான். "எங்க கம்ப்யூட்டர எவனோ பூட்டிட்டான். இந்த வாரக் கணக்கு எங்ககிட்ட இல்ல. உங்ககிட்டதான் இருக்கு. போன எடுத்து காமிங்க, அதான் கணக்கு" என்றான்.

முதலில் நின்றது மங்கம்மாவின் மகள். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இந்தவாட்டியும் சந்தனமா?"

"இல்லக்கா. இது யாரோ திருடனுங்க."

"சாவி வரலன்னா?"

"வரலன்னாலும் நீங்க காமிச்சதுதான்."

"போன்ல அழிச்சிட்டவங்க?"

"வாயால சொல்லட்டும்."

பின்னால் நின்ற சில பேர் கேனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டிவிட்டார்கள். உன்னிடம் மறைக்க மாட்டேன், தாண்டினார்கள். உன் மகன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மற்றவர்கள் நின்றார்கள். மங்கம்மாவின் மகள் முந்தானையில் துடைத்துவிட்டு போனை நீட்டினாள்.

எழுதிக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. "சித்தப்பா, நீ எழுது" என்று பேனாவைக் கொடுத்தான். பக்கத்தில் நின்றவன், "இவரா? ஒண்ணுக்கு ரெண்டா எழுதுவாரே" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை பார்த்துத்தான் எழுதினேன், அண்ணா.

சாவி இன்னும் வரவில்லை. காலையில் எத்தனை கேன் வரும், எத்தனை எதிர்ப்பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாது. உன் மகன் வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டான், செருப்புச் சத்தம் கேட்கிறது. நீ எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு பேச்சுதான், பாதியை வெட்டு என்பது. ஊரில் இன்னும் அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இந்தக் கடிதத்தையும் நீ அப்படியே படி. ஜப்பானை வெட்டு, பிரம்மோற்சவத்தை வெட்டு, பெங்களூர் பாக்டரியை முழுசாகவே வெட்டிக்கொள். இன்றைக்குச் சாயங்காலம் நான் எழுதிய நம்பர்களை மட்டும் வெட்டாதே. அவர்கள் காட்டியதைத்தான் எழுதினேன்.