கீழத்தெருக் குழாயும் பதினோரு ஓட்டும்

அனுப்புநர்:
மு. ராசாத்தி (வயது 49),
இட்லிக் கடை, கீழத்தெரு, 6-வது வார்டு,
மேலவாய்க்கால்பட்டி பேரூராட்சி,
தொட்டியம் வட்டம், திருச்சி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: ஓட்டு எண்ணிக்கைக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீரை நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்வது சம்பந்தமாக.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயம் நேராகத்தான் இருக்கிறது.

1. எங்கள் தெருவில் ஒரு வழக்கம். தேர்தலுக்கு முந்தின ஞாயிறு மாரியம்மன் கோயிலில் கூடி, யாருக்கு ஓட்டு என்று பேசி முடிப்போம். பிறகு தெருவே ஒரே சின்னத்தில் போடும். இந்த முறை விசிறி என்று முடிவானது. அதில் நின்ற திரு. ரெங்கராஜ் அவர்கள் ஜெயித்துக் கவுன்சிலர் ஆகிவிட்டார். அவருக்கு மாலை போட்டவர்களில் நானும் ஒருத்தி.

2. வம்பு எண்ணிக்கையில் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட எங்கள் தெருவுக்கு ஒரு ரூம், மேலத்தெருவுக்கு ஒரு ரூம். மிஷின் வாரியாகத் தனித்தனியே எண்ணிச் சொன்னதில், எங்கள் ரூமில் எதிர்த்து நின்ற பூட்டுச் சின்னத்துக்குப் பதினோரு ஓட்டு. தோற்றவர் கோபப்பட்டால் நியாயம். ஜெயித்தவர் பதினோரு ஓட்டுக்காகத் தூக்கம் கெட்டு அலைவதை இப்போதுதான் பார்க்கிறேன்.

3. அந்த வாரமே குழாய் நின்றது. தண்ணீர் திறந்துவிடும் அடைக்கலம் என்பவரைக் கேட்டால் "மோட்டார் ரிப்பேரு அக்கா" என்றார். அதே மோட்டார் மேலத்தெருவுக்கு ஓடுகிறது. "எங்க தெருன்னா மட்டும் அதுக்கு மூச்சு வாங்குதா தம்பி" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "வால்வ மூடச் சொன்னாங்க, மூடினேன். என் பேரச் சொல்லிடாதக்கா" என்றார். சொல்லிவிட்டேன். அவர் வேலைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளவும்.

4. அடுத்த வெள்ளிக்கிழமை கவுன்சிலரின் ஆட்கள் தெருவைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். விசிறிக்குத்தான் போட்டேன் என்று ஒவ்வொருவரும் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் தண்ணீர் வருமாம். எல்லோரும் செய்தார்கள், நான் செய்யவில்லை. யாரும் பார்க்காமல் ஓட்டுப் போடச் சொல்லி அட்டை மறைப்பு வைத்தது சர்க்கார். அந்த மறைப்பை அம்மன் முன்னால் பிரித்துப் போட எனக்கு மனசில்லை.

5. மற்ற எல்லோரும் சத்தியம் செய்துவிட்டதால், பதினோரு ஓட்டையும் நான் ஒருத்தியே போட்டதாகப் பேச்சு. அந்தச் சாமர்த்தியம் இருந்தால் நானே தேர்தலில் நின்றிருப்பேன் ஐயா. ஆனால் தெருவில் இப்போது சிரிப்பில்லை. அமிர்தம் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததும், பொய்ச் சத்தியம் செய்தது அந்த வீடுதான் என்கிறார்கள். அந்தச் சந்தேகம் என்னையும் தொற்றிவிட்டது. இட்லி வைக்கும்போதே, இவரா இருக்குமோ என்று முகத்தைப் பார்க்கிறேன்.

6. பக்கத்து வீட்டு வேலம்மாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்க் குடம் சுமக்கிறாள். நேற்று என்னிடம், "ஒரு சூடந்தானேக்கா. உனக்கு வீம்பு, எனக்கு இடுப்பு போகுது" என்றாள். குடத்தை வாங்கி அவள் வீடு வரை சுமந்தேன். வரும் வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசித் தவணை. அன்றும் செய்யாவிட்டால் தெருவுக்கு இனித் தண்ணீரே கிடையாதாம்.

ஆகவே ஐயா, வெள்ளிக்கிழமைக்குள் வால்வைத் திறக்க உத்தரவு போட வேண்டும். சூடம் வைத்து ஓட்டு விசாரிப்பதை நிறுத்த வேண்டும். இனிமேல் இரண்டு ரூம் ஓட்டையும் கலந்து எண்ண வழி உண்டா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

இந்த மனுவுக்குத் தெருவாரிடம் கையெழுத்துக் கேட்டேன். பேனாவை வாங்கிய இரண்டு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். போட்டால், அந்தப் பதினோரு பேரில் இவர்களும் உண்டு என்று ஆகிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

விசாரணைக்கு அதிகாரியை அனுப்பினால், என் வாசலில் மட்டும் ஜீப்பை நிறுத்த வேண்டாம். எல்லா வீட்டுக்கும் போய், எல்லோரிடமும் ஒரே அளவு பேசச் சொல்லவும். யார் என்ன சொன்னார்கள் என்று வெளியில் தெரியக்கூடாது. என்னிடம் எது வேண்டுமானாலும் கேட்கட்டும். யாருக்கு ஓட்டுப் போட்டேன் என்பதை மட்டும் உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.

இடம்: மேலவாய்க்கால்பட்டி
தேதி: 14.03.2022

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,
மு. ராசாத்தி